பெரிய வியாழனும் ஒரு சொம்புத் தண்ணீரும்

முழங்கால் வலி, அப்புறம் மகள் வீட்டில் ஒரு விசேஷம். அதனால் மூன்று வாரமாக ஒன்றும் எழுதவில்லை. "என்ன சார், பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?" என்று இரண்டு பேர் போன் போட்டே கேட்டுவிட்டார்கள். தீரவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு விஷயத்தை மனசில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எழுத வைத்தவன் என் பேரன். சென்னையில் மேனேஜ்மென்ட் படிக்கிறான். போன வாரம் போனில், "தாத்தா, 'சர்வன்ட் லீடர்ஷிப்' என்று ஒரு பாடம். தொண்டராக இருப்பவர்தான் நல்ல தலைவராக முடியும் என்று அமெரிக்காவில் ராபர்ட் கிரீன்லீஃப் என்பவர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். உங்கள் சர்ச்சில் இதற்கு ஏதாவது உதாரணம் இருக்குமே, சொல்லுங்களேன்" என்றான்.

அந்தக் கிரீன்லீஃபுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் நான் படித்த பிரெஞ்சுப் படிப்பு. ஹெர்மன் ஹெஸ்ஸே ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு சின்ன நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வாலிபத்தில் படித்திருக்கிறேன். ஒரு கூட்டம் கீழ்த்திசை நோக்கிப் பயணம் போகிறது. அவர்களுக்கு மூட்டை தூக்கவும் எடுபிடி வேலை செய்யவும் ஒரு வேலைக்காரன், பெயர் லியோ. ஒரு நாள் அவன் காணாமல் போய்விடுகிறான். அன்றோடு அந்தக் கூட்டம் சிதறிவிடுகிறது. பல வருஷம் கழித்துத்தான் தெரிகிறது, அந்த வேலைக்காரன்தான் அந்தச் சபைக்கே தலைவன் என்று. கிரீன்லீஃப் தமக்கு வழி காட்டியது இந்தக் கதைதான் என்று சொல்லியிருக்கிறார். இப்போது நம் போப்பாண்டவர் பெயரும் லியோ என்று அமைந்துவிட்டது ஒரு சந்தோஷமான தற்செயல்.

பேரனுக்கு இவ்வளவு போதும், மார்க் வாங்கிவிடுவான். ஆனால் உதாரணம் கேட்டானே, அதை போனில் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னால் என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவக்காலமும் நடக்கிறது. எழுதிவிடுகிறேன்.

* * *

நான் பிறந்தது 1950-ல் புதுச்சேரியில். அப்போது அது பிரெஞ்சு ஊர். எனக்கு நாலு வயசில், 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். தவக்காலத்துக்கு அங்கே 'கரேம்' என்று பெயர். நாற்பதாவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வீட்டில் அம்மாவுக்கு அது தபசுகாலம். சாம்பல் புதன் அம்மாவுக்கு விபூதித் திருநாள். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கவிச்சி கிடையாது. பெரியவர்களுக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு.

அப்பா அரசாங்க ஆபீசில் பியூன். பிரெஞ்சுக்காரன் காலத்திலும் பியூன், நம் காலத்திலும் பியூன். துரை ரூமுக்கு வெளியே நின்றே ஆயுள் கழித்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் போட்டு ஒரு தாம்பாளத்தில் ஊற்றி வைப்பாள். அப்பா அதில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "நீ உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகணும்டா" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே பதவி உயர்வு அதுதான், நாற்காலி.

அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. பிரெஞ்சுப் படிப்பை வைத்துக்கொண்டு வேலை தேடின எங்கள் தலைமுறையின் கஷ்டத்தைத் தனியாகவே எழுத வேண்டும். ஆங்கிலமும் டைப்ரைட்டிங்கும் கற்று, பரீட்சை எழுதி, எல்.டி.சி. ஆனேன். பிறகு யு.டி.சி. அரசு ஊழியர் என்று அடையாள அட்டை கொடுத்தார்கள். ஊழியர் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊழியம் செய்கிறவர். பிரெஞ்சில் பழைய கடிதங்கள் முடியும்போது, தங்களின் மிகவும் பணிவுள்ள ஊழியன் என்று கையெழுத்துப் போடுவார்கள். ஆங்கிலத்திலும் அதே வழக்கம். நானே ஆயிரக்கணக்கான கடிதங்களில் பணிவையும் கீழ்ப்படிதலையும் டைப் அடித்திருக்கிறேன். அதெல்லாம் மேலே போகிற கடிதங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு எந்தப் பணிவும் கிடையாது.

1984 தவக்காலத்தில் ஒரு நாள். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். முதியோர் பென்ஷனுக்காக ஒரு கிழவி வந்திருந்தார். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். மனுவில் ஒரு இடத்தில் கையெழுத்து இல்லை. "நாளைக்கு வா" என்றேன். மறுநாள் வந்தார். கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. "நாளைக்கு வா." அப்படி நாலு தடவை. நாலாவது தடவை வந்தபோது வெள்ளிக்கிழமை. நான் ஒருசந்தி. பசி, எரிச்சல். "வெளியே நில்லு, கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வேறு ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் வெயில் ஏறிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். செருப்பு இல்லை. பித்தவெடிப்புப் பாதம், பாளம் பாளமாக. தரை சுட்டிருக்கிறது. பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை. அந்த ஃபைலை முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன், அப்போது அவர் அங்கே இல்லை. அப்புறம் வரவும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் சிலுவைப்பாதைக்குப் போனேன். பதினாலு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டேன். ஆறாவது ஸ்தலத்தில் வெரோணிக்கம்மாள் ஆண்டவர் முகத்தைத் துடைக்கிறதைப் படித்தபோதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இதைத்தான் நான் பேரனிடம் சொல்ல முடியாமல் தவித்தது.

* * *

2010-ல் ஓய்வு பெற்றேன். மகள் நெய்வேலியில் டீச்சர், மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள வசதியாக வடக்குத்தில் ஒரு மனை வாங்கி சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெய்வேலி டவுன்ஷிப் ஓர் உலகம். அகலமான ரோடு, நிழல் மரங்கள், வரிசையாகக் குவார்ட்டர்ஸ். 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் துவக்கி வைத்து, 1962-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த ஊர். பழுப்பு நிலக்கரி ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மேல் மண்ணையெல்லாம் அகற்றி, கீழே அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அதைத் தொட முடியும். எங்கள் வடக்குத்து அந்த டவுன்ஷிப்புக்கு வெளியே. ஒப்பந்தத் தொழிலாளர்கள், முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள், சின்னக் கடைக்காரர்கள், என்னைப் போல் பென்ஷன்தாரர்கள், எல்லாரும் கலந்து இருக்கிற ஊர். நாலு ஊருக்கு வெளிச்சம் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மின்வெட்டில் விசிறிக்கொண்டிருந்த காலமெல்லாம் உண்டு.

பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வடலூர். வள்ளலார் 1867-ல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. நான் அடிக்கடி போவேன். ஞானசபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுகிறார்கள், லட்சக்கணக்கில் கூட்டம். மற்ற நாட்களில் அந்த அடுப்பின் வெளிச்சத்துக்கு அவ்வளவு கூட்டம் இல்லை, சாப்பிட வருகிறவர்கள்தான். ஆனால் வள்ளலார் முதலில் ஏற்றியது அடுப்பைத்தான். ஞானசபையில் ஜோதி தரிசனம் அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1872-ல். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் பக்கத்து முந்திரித் தோப்பும் பலாவும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. தலைமுறை தலைமுறையாய் நின்ற மரங்கள். கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர மூன்று வாரம் ஆயிற்று.

எங்கள் கோயிலில் தெருவுக்கு ஓர் அன்பியம் உண்டு. கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பதினைந்து, இருபது குடும்பங்கள் சேர்ந்து வீடு வீடாக ஜெபம் சொல்கிற சின்னக் கூட்டம் அது. எங்கள் அன்பியத்துக்குப் பொறுப்பாளர் ஓர் அம்மா. பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் தலைவியம்மா என்றே சொல்கிறேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அந்தக் கொட்டையின் பால் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. இவர் படித்தது ஐந்தாவது. ஜெபத்தில் வாசகம் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார். "நீங்க படிங்க சார், எனக்கு எழுத்துக் கூட்டணும்" என்பார்.

புயலுக்குப் பிறகு கோயில் மூலமாக அரிசியும் தார்ப்பாயும் வந்தது. தெருவில் யார் யாருக்குத் தேவை என்று பட்டியல் எழுத வேண்டும். பட்டியல் என்றால் நான்தானே! ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் கார்டு எண், சேதம் என்று கட்டம் கட்டினேன். ராத்திரி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், என் வீட்டுத் திண்ணையில். தலைவியம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது பெயரில் நான் நிறுத்தினேன்.

"என்னம்மா, இவங்க நம்ம கோயில் இல்லையே?"

"காத்து கோயில் பாத்தா அடிச்சுது? எழுதுங்க சார்."

எழுதினேன். மாரியம்மன் கோயில் பூசாரி வீடு, முனையில் கோழிக்கடை பாய் வீடு, எல்லாம் வந்தது. முப்பத்திநாலு பெயர். "உங்க வீடு?" என்றேன். அவர் வீட்டுக் கூரை பறந்து போய்விட்டது எனக்கே தெரியும்.

"கடைசியில போடுங்க."

முப்பத்தைந்தாவதாக எழுதினேன். வந்த தார்ப்பாய் முப்பத்திநாலு.

என் அனுபவத்தில் நான் எத்தனையோ பட்டியல் போட்டிருக்கிறேன். பட்டியல் எழுதுகிறவன் பெயர் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் வராது. வந்தாலும், எத்தனை உருப்படி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கடைசிக்குப் போவான். நான் விசாரித்தபோது அந்த அம்மா, "தென்னங்கீத்து கிடக்குதே சார், தெருவெல்லாம் விழுந்து கிடக்குது, முடைஞ்சா ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கீற்றுக் கூரைக்குள்தான் அந்த வருஷத் தவக்காலம் முழுக்க இருந்தார்கள்.

* * *

2012 ஏப்ரல் 5, பெரிய வியாழன். இயேசு கடைசி இராவுணவில் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, சீஷர்களின் காலைக் கழுவிய நாள். யூதர் வீடுகளில் அது வேலைக்காரன் செய்கிற வேலை. பேதுரு வேண்டாம் என்று மறுத்ததும் அதனால்தான். 1955-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பெரிய வாரச் சடங்குகளைத் திருத்தியபோது, இந்தச் சடங்கை ஊர்க்கோயில்களின் சாயங்காலப் பூசையிலேயே செய்யலாம் என்று வழி செய்தார். அதனால் சின்ன வயசிலிருந்தே எனக்குப் பழகின காட்சி. வெள்ளைத் தாடி வைத்த பிரெஞ்சு சாமியார் முழங்கால் போட்டு ஊர்க்காரர் காலைத் துடைப்பதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் பன்னிரண்டு பேரில் என்னையும் கூப்பிட்டார்கள். பென்ஷன்தாரர், பெரிய மனுஷன், நிவாரணப் பட்டியல் எழுதியவர். பெருமையாகத்தான் இருந்தது. மத்தியானமே காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, கொஞ்சம் பவுடரும் போட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள், பன்னிரண்டு பேரும் அப்படித்தான். கழுவின காலைத்தான் கழுவக் கொடுக்கிறோம். தாம்பாளத்தில் விழுகிற தண்ணீர் சொம்பில் இருந்தபடியே இருக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதிரே பார்த்தேன். சாமான் அறை வாசலில் தலைவியம்மா, கையில் பன்னிரண்டு துண்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதைய விதிப்படி ஆண்கள்தான் பெஞ்சில் உட்காரலாம். யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைய ஒழுங்கு அது. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடி எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. ஆண்டவர் செய்ததை அந்தத் தெருவில் செய்தவர் யார், பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டிருப்பவர் யார்?

அடுத்த ஆண்டே போப் பிரான்சிஸ் பெரிய வியாழனன்று ரோமில் ஓர் இளைஞர் சிறைக்குப் போய் அங்கே இருந்தவர்களின் காலைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். 2016 ஜனவரியில் விதியையே மாற்றினார். இனிமேல் பெண்களும் அந்தப் பெஞ்சில் உட்காரலாம்.

2016 பெரிய வியாழன் மார்ச் 24. எங்கள் சாமியார் தலைவியம்மாவைக் கூப்பிட்டார். "ஐயோ சாமி, என் கால்ல கை வெச்சா உங்க கை கிழிஞ்சிடும்" என்று சிரித்து மழுப்பிவிட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் பன்னிரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. பூசை ஆரம்பிக்கிற நேரம். தலைவியம்மா அப்போதுதான் கோயில் முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து முடித்து, துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் ஓடிப் போய் அப்படியே கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டார். காலைக் கழுவக்கூட நேரமில்லை.

எங்கள் ஊர் மண் செம்மண். தண்ணீர் தெளித்த செம்மண்ணில் நின்ற கால் எப்படி இருக்கும்! சாமியார் சொம்பைச் சாய்த்தார். தாம்பாளத்தில் தண்ணீர் சிவப்பாக விழுந்தது. ஒரு சொம்பு போதவில்லை, இரண்டாவது சொம்பு. வெடிப்புக்குள் போயிருந்த மண்ணை அவர் விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தலைவியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெள்ளைத் துண்டு சிவந்துவிட்டது. என் ஆயுசில், அந்தச் சடங்கில் தண்ணீர் உண்மையாகவே தேவைப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாளம் பாளமான வெடிப்பு. திடீரென்று 1984 வராந்தா. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி நின்ற அந்தக் கிழவி. முப்பத்திரண்டு வருஷமாக நான் ஒரு தடவைகூட அவரை நினைத்ததில்லை. அப்படியே எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். என் வீட்டுக்காரி பின்னாலேயே வந்து, "என்னங்க, மயக்கமா?" என்றாள். "இல்லை" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரிதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

* * *

இந்த ஆண்டு தவக்காலம் நான்காம் ஞாயிறு வாசகம், பிறவிக் குருடன் பார்வை பெற்ற கதை. ஆண்டவர் மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். கழுவின பிறகுதான் பார்வை வருகிறது. கழுவுவதும் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவனுக்கு அவன் கண்ணைக் கழுவினதும் தெரிந்தது. எனக்கு வேறொருவர் காலைக் கழுவினபோது தெரிந்தது. அவன் பிறவிக் குருடன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தவன்.

போப் பிரான்சிஸ் போன ஆண்டு, 2025 பெரிய வியாழனன்றும், ரோமில் ஒரு சிறைக்குப் போனார். குனிந்து காலைக் கழுவ உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் போனார். நாலு நாள் கழித்து, பாஸ்கா முடிந்த திங்கட்கிழமை இறந்துபோனார். போப்பாண்டவர்களின் பட்டங்களில் ஒன்று, கடவுளுடைய ஊழியர்களுக்கெல்லாம் ஊழியன் என்பது. பழைய கடிதங்களில் நான் டைப் அடித்த அதே வார்த்தைதான். அவர் அந்த வார்த்தையைக் கீழ்நோக்கி எழுதினார்.

நான் அந்த அளவுக்கெல்லாம் ஆளில்லை. எனக்குத் தெரிந்தது மனு எழுதுவது. 2016 பாஸ்காவுக்குப் பிறகு, சனிக்கிழமை காலையில் என் திண்ணையில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது. எங்கே கையெழுத்து, எங்கே தேதி, எந்த நகல் வைக்காவிட்டால் "நாளைக்கு வா" என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஜன்னலுக்கு உள்ளே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவனாயிற்றே. இதனால் பழைய கடன் தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கிழவிக்குப் பென்ஷன் கிடைத்ததா என்று எனக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

தலைவியம்மாவுக்கு இப்போது வயசாகிவிட்டது. அன்பியப் பொறுப்பை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். இப்போது அந்தப் பெண்தான் முற்றம் பெருக்குகிறாள். தலைவியம்மா துண்டு மடித்துக் கொடுக்கிறார். போன சனிக்கிழமை என் திண்ணைக்கு வந்தார். அவருக்கே முதியோர் பென்ஷனுக்கு மனு வேண்டுமாம். படியேறி வந்து, வழக்கம்போல ஓரமாக நின்றுகொண்டே, "சார், ஒரு பேப்பர் எழுதணும்" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். "முதல்ல உட்காருங்கம்மா" என்றேன். அப்புறம்தான் பேனாவை எடுத்தேன்.